முதல் பந்தி

உட்கார்ந்தாயிற்று. உட்கார்ந்த பிறகுதான் குழல்வாய்மொழிக்கு எங்கே வந்து உட்கார்ந்திருக்கிறோம் என்று உறைத்தது. மாடியில் தாலி கட்டி முடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகிறது, நாதஸ்வரக்காரர் இன்னும் எதையோ இழுத்துக்கொண்டிருக்கிறார், மாப்பிள்ளை வீட்டார் வேன் பிடித்து ஊர் திரும்பவேண்டியவர்கள், அவர்களுக்கென்று போட்ட முதல் பந்தி இது. அதில் போய்ப் பெண்ணுக்கு ஒரே அத்தை, பட்டுப்புடவையும் தலை நிறையப் பிச்சிப்பூவுமாக, இலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். பெண் வீட்டுக்காரிக்கு முதல் பந்தியில் என்ன வேலை என்று தென்காசியில் பால்குடி மறக்காத பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். விசாரிக்கவேண்டும். வரிசை வரிசையாகச் சுற்றிவந்து, நல்லாச் சாப்பிடுங்க, அவியல் இன்னும் கொஞ்சம் வைக்கச் சொல்லவா, பாயசத்தை ஏன் ஒதுக்கிட்டிய, என்று முகம் கோணாமல் கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும். கடைசிப் பந்தி எழுந்து இலையெல்லாம் எடுத்த பிறகு, மிஞ்சின சோற்றில் மிஞ்சின சாம்பாரை ஊற்றி, பாத்திரங்களுக்கு நடுவே நின்றவாக்கில் இரண்டு வாய் போட்டுக்கொள்ளவேண்டும். விவரம் தெரிந்த நாளிலிருந்து அவள் அதைத்தான் செய்துவருகிறாள். எத்தனை கல்யாணம், எத்தனை சடங்கு, எத்தனை வளைகாப்பு, எதிலாவது நொறுங்குகிற மாதிரி ஒரு அப்பளம் தின்றிருப்பாளா. இன்றைக்கு விடிந்ததிலிருந்து பல்லில் பச்சைத் தண்ணீர் படவில்லை. சீர்த்தட்டு அடுக்கியது அவள். ஐயர் கேட்கக் கேட்க மஞ்சளும் தேங்காயும் எடுத்து நீட்டியது அவள். பெண்ணின் முந்தானை மடிப்பு பிரிந்தபோது ஊக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு ஓடியது அவள். காலை டிபனுக்கு வா என்று அவளை ஒருவரும் கூப்பிடவில்லை. மண்டபத்துத் தூணை யாராவது சாப்பிடக் கூப்பிடுவார்களா. மாலை மாற்றும்போது கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினாள், சத்தியமாக விசாரிக்கத்தான் இறங்கினாள். ஆனால் மூன்றாவது வரிசையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. எதிரே தண்ணீர் தெளித்த இலை பச்சைப்பசேலென்று கிடந்தது. கால் தன்பாட்டுக்கு அங்கே போய்விட்டது.

உப்பு வந்தது, ஊறுகாய் வந்தது, பச்சடி வந்தது. பரிமாறுகிறவர்கள் யாருக்கும் அவள் பெண்ணின் அத்தை என்று தெரியவில்லை, மற்ற இலைக்கு வைத்த மாதிரியே இவள் இலைக்கும் வைத்துக்கொண்டு போனார்கள், அதுவே அவளுக்குப் பெரிய மரியாதையாகப் பட்டது. அவியல் விழுந்த இடத்திலிருந்து தேங்காயெண்ணெய் வாசம் மூக்குக்கு ஏறியது. வாயில் எச்சில் ஊறியது. உடனே உள்ளே ஒரு குரல் பேச ஆரம்பித்தது. ஏட்டி குழலி, என்ன காரியம் பண்ணுத நீ. அப்பாவின் குரல். அப்பா போய்ச் சேர்ந்து வருஷக்கணக்காகிறது, குரலை மட்டும் எடுத்துக்கொண்டு போக மறந்துவிட்டார். நெல்லைநாயகம் பிள்ளை பந்தி விசாரிக்கிற அழகைப் பற்றி இன்றைக்கும் சுற்றுவட்டாரத்தில் பேசுவார்கள். வேட்டி நுனியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு அவர் வரிசைக்குள் நுழைந்தால், சாப்பிட்டு முடித்தவன்கூட இன்னொரு கரண்டி சோறு வாங்குவான். அந்த முகத்துச் சிரிப்பு மாறாமலேயே, உதடு அசையாமலேயே, பக்கத்தில் நிற்கிற மகளைத் திட்ட அவருக்குத் தெரியும். பல்லுக்குள்ளிருந்து வரும். அங்கன பாரு தண்ணி இல்ல, சவமே, மரம் மாதிரி நிக்க. பந்தியிலிருப்பவர்கள் பார்த்தால் தகப்பன் மகளிடம் ஏதோ செல்லமாகச் சொல்கிறார் என்றுதான் நினைப்பார்கள். இப்போதும் அதே பல்லுக்குள் குரல். அவனவன் வேன் புடிக்க நிக்கான், நீ இங்கன வந்து இலைய முடக்கிக்கிட்டு இருக்க, வெக்கமா இல்ல? இருக்கிறது, வெட்கமாகத்தான் இருக்கிறது, அப்பா, ஆனால் பசியும் இருக்கிறது. பசி என்ன பசி, வீட்டுப் பொம்பளைக்குக் கல்யாணத்தன்னைக்குப் பசி வருமா. வந்துவிட்டதே. வரக்கூடாது. எதிர் வரிசைப் பக்கமாகத் தம்பி பெண்டாட்டி விசாலம் ஒரு தட்டில் வெற்றிலையைத் தூக்கிக்கொண்டு போனவள், சட்டென்று நின்று பார்த்தாள். மைனி என்ன இங்கே என்கிற பார்வை முதலில், பிறகு வேறொரு பார்வை. அந்த இரண்டாவது பார்வை இருக்கிறதே, அதற்கு அவளை நாலு அறை அறையலாம். குழலி கண்ணைத் தாழ்த்திக்கொண்டு உப்பைத் தொட்டு நாக்கில் வைத்தாள். இப்போது எழுந்தால் யாருக்கும் ஒன்றும் தெரியாது, சும்மா உட்கார்ந்து பார்த்தேன் என்று சிரித்து மழுப்பிவிடலாம். சோறு விழுந்துவிட்டால் முடியாது.

மனசுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர் ஜெஸிந்தா இதற்கு என்ன சொல்வாள் என்று யோசித்தாள். யோசித்ததும் அவள்மேலும் கோபம் வந்தது. அந்த அம்மாளுக்கென்ன, பாளையங்கோட்டையில் செல்போன் கடைக்கு மேலே ஒரு அறை, மூன்று பிளாஸ்டிக் நாற்காலி, கிறீச் கிறீச்சென்று ஒரு காற்றாடி, அங்கே உட்கார்ந்துகொண்டு உங்ககிட்ட நீங்களே அன்பா இருங்கன்னு சொல்வது லேசு. முதல் பந்தியில் வந்து உட்கார்ந்து சொல்லிப் பார்க்கட்டும். அவளிடம் போகவேண்டி வந்ததே ஒரு கேவலம். அவள் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற ஜன்னல், காலையிலிருந்து குறையாத கூட்டம், குழலி மாத்திரையை எண்ணிக் கவரில் போட்டு இது காலையில இது ராத்திரி என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள், யாரோ ஒரு கிழவர், இருமல் மருந்தை வாங்கிக்கொண்டு, நீங்க சாப்ட்டியளா தாயி என்று கேட்டுவிட்டார். மணி பன்னிரண்டுக்கு மேல் ஆகிவிட்டதே என்று மரியாதைக்குக் கேட்ட கேள்வி. குழலி அழுதாள். ஜன்னலைச் சாத்திவிட்டு, மருந்துப் பெட்டிகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து, வெட்கம் மானம் இல்லாமல், சின்னப்பிள்ளை மாதிரி ஓவென்று அழுதாள். வெளியே கூட்டம் ஜன்னலைத் தட்டிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகுதான் ஜெஸிந்தா. ஸ்கீமா தெரபி என்று பெயர் சொன்னாள். சின்ன வயசில் கிடைக்கவேண்டியது கிடைக்காமல் போனால் மனசு ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொள்ளுமாம், வளர்ந்த பிறகும் அந்தப் பழக்கத்தை விடாமல் அதன்படியே எல்லாரோடும் வாழுமாம். உங்களுக்குள்ள திட்டுத ஒரு ஆள் இருக்காரு, பயந்துபோன ஒரு பிள்ளை இருக்கா, இவங்க ரெண்டு பேரையும் சமாளிக்கத் தெரிஞ்ச ஒரு பெரிய ஆளும் இருக்கா, அவளுக்குத்தான் ஊட்டம் பத்தல, அவள வளத்து எடுக்கணும், என்றாள். எனக்குள்ளே பெரிய ஆளுக்கு ஊட்டம் பத்தலையா! குழலிக்குச் சுள்ளென்று வந்தது. அம்மா படுத்த படுக்கையாகப் போனபோது தம்பி ராமலிங்கத்தை இடுப்பில் தூக்கி வளர்த்தவள், அவனுக்குப் பெண் பார்த்தவள், அப்பாவைக் கடைசி மட்டும் மலம் மூத்திரம் அள்ளிக் காப்பாற்றியவள், அவள் பெரிய ஆள் இல்லையென்றால் இந்தக் குடும்பத்தில் வேறு எந்த மூதி பெரிய ஆள் என்று கேட்டேவிட்டாள். ஜெஸிந்தா கொஞ்சமும் பதறவில்லை. அதெல்லாம் பெரிய ஆள் செஞ்சதில்ல குழலிம்மா, பெரிய ஆள் மாதிரி வேலை பாத்த சின்னப்பிள்ளை செஞ்சது, என்றாள். அந்த வாக்கியத்துக்காக அவளை ஒரு வாரம் மனசுக்குள் வைது தீர்த்தாள். பொய்யாக இருந்திருந்தால் அவ்வளவு வைதிருக்க மாட்டாள்.

நாற்காலிக் கூத்தை நினைத்தால் இன்னும் மானம் போகிறது. இந்த நாற்காலியில அந்தத் திட்டுத குரல் உக்காந்திருக்குன்னு நினைச்சுக்கிடுங்க, உங்க அப்பாவாவே வச்சுக்கிடுங்க, அவர்கிட்ட பேசுங்க, என்று ஜெஸிந்தா சொன்னதும் குழலி என்ன செய்தாள் தெரியுமா, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்து நின்றாள். உட்காருங்க என்றால், இல்ல டாக்டர், அப்பா இருக்காவள்லா என்கிறாள். வெறும் பிளாஸ்டிக் நாற்காலிக்கு நின்ற மரியாதை! சரி என்று பெரிய ஆளின் நாற்காலிக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனால், அங்கேயும் உட்காரவில்லை. ஜெஸிந்தா நின்றுகொண்டிருந்தாள் என்பதற்காக, அந்த நாற்காலியை முந்தானையால் துடைத்து, நீங்க உக்காருங்க டாக்டர், எவ்வளவு நேரம் நிப்பிய, என்று அவளுக்கே போட்டுவிட்டாள். ஜெஸிந்தா அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தச் சின்னப்பிள்ளையிடம் அன்பாக நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று எவ்வளவோ கேட்டுப் பார்த்தாள், ஒன்றும் வரவில்லை. அவ உங்க மகளா இருந்தா என்ன சொல்லுவீங்க? எனக்கு மக இல்ல டாக்டர், ஒரே பையன்தான். சரி, பக்கத்து வீட்டுப் பிள்ளையா இருந்தா? அத அவ அம்ம பாத்துக்கிடுவா. அதற்கு மேல் ஜெஸிந்தாவாலும் முடியவில்லை. அடுத்த தடவை வருவதற்குள் ஒரேயொரு காரியம் செய்யுங்கள் என்றாள். பசிக்கும்போது, உட்கார்ந்து, இலையோ தட்டோ, முழுச் சாப்பாடு சாப்பிடுங்கள், குரல் வரும், வந்தால் அதற்கு ஒரு பதில் சொல்லுங்கள், சத்தமாக வேண்டாம், மனசுக்குள் போதும். கேட்கும்போது இதென்ன பிரமாதம் என்றுதான் இருந்தது. சாப்பிடுவதை ஒரு வைத்தியமாக எழுதிக் கொடுக்கிற அளவுக்கு ஆக்கிவைத்தவர்களை என்ன செய்தால் தகும்.

சோறு வந்துவிட்டது. ஆவி பறக்க இலை நடுவில் விழுந்தது, போதும் என்று கை காட்ட மறந்துவிட்டாள், மறந்ததற்கும் குரல் ஏசியது. பருப்பு, அதன்மேல் நெய், பிறகு சாம்பார். பிசைந்தாள். பிசைகிற விரலுக்கு அந்தச் சூடு ஏறினதும் அந்த ஞாபகம் வந்துவிட்டது, வரக்கூடாது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தது. இதே சூடுதான். கடையநல்லூரில் சித்தப்பா வீட்டுக் கல்யாணம், தெருவை அடைத்துப் பந்தல், தரையில் பாய் விரித்துப் பந்தி. நாலாவது படிக்கிற குழலி, பாவாடையைச் சுற்றி மடித்துக்கொண்டு, எல்லாப் பிள்ளைகளோடும் வரிசையாக உட்கார்ந்து, சாம்பார் சோற்றைப் பிசைந்து முதல் கவளத்தை உருட்டிவிட்டாள். முழங்கையில் ஒரு கை விழுந்தது. அப்பா. பக்கத்தில் சப்ரிஜிஸ்ட்ரார், வியர்த்து வழிந்துகொண்டு. அப்பா அவளைத் தூக்கினார், திட்டவில்லை, சிரித்துக்கொண்டே, எங்க குழலி பொறுப்பான பிள்ளை, அவ பெறவு சாப்ட்டுக்கிடுவா, நீங்க உக்காருங்க சார். சப்ரிஜிஸ்ட்ராரும் சும்மா இருக்கவில்லை, அடடே சமத்து என்று அவள் கன்னத்தைத் தட்டினார். பிசைந்த சோற்றோடு அவள் இலையை எடுத்து எறிந்தார்கள், அதே இடத்தில் புது இலை விழுந்தது. கை நிறையச் சாம்பார்ச் சோற்றுடன் அவள் பந்தல் கால் ஓரமாக நின்றாள். அந்தக் கையை என்ன செய்வது என்று தெரியவில்லை. கழுவினால் சாப்பிட்டு முடித்த கணக்காகிவிடும், நக்கினால் அப்பா பார்ப்பார். அப்படியே நீட்டிக்கொண்டு நின்றாள், விரல்களுக்கு நடுவே சோறு காய்ந்து இறுகியது. போகிறவர் வருகிறவரெல்லாம், ஆகா, என்ன பொறுப்பு பாரு இந்த வயசுல, என்றார்கள். அதில்தானே மாட்டிக்கொண்டாள். ஒரு அறை விட்டு எழுப்பியிருந்தால்கூட வீட்டுக்குப் போய் அழுது தீர்த்திருப்பாள், இவர்கள் புகழ்ந்து எழுப்பினார்கள். புகழ்ச்சியை எதிர்த்து ஒரு பிள்ளை எப்படி அழும். கடைசிப் பந்தி வரும்போது அவள் சாக்கு மூட்டைமேல் சாய்ந்து தூங்கிவிட்டாள். அவளைச் சாப்பிட எழுப்பவேண்டும் என்று யாருக்கும் ஞாபகம் வரவில்லை. எழுப்பத் தெரிந்தவர்கள்தானே, அதற்கு மட்டும் ஏன் ஞாபகம் வரவில்லை? மூன்று கவளத்தை வேகவேகமாக விழுங்கினாள். அந்த சப்ரிஜிஸ்ட்ரார் நாசமாய்ப் போகட்டும், செத்திருந்தால் செத்த இடத்தில் அவருக்கு ஒரு வாய்ச் சோறு கிடைக்காமல் போகட்டும். இத்தனை வருஷத்தில் அவரை வையவேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. வைதபிறகு அடுத்த கவளம் நிதானமாக இறங்கியது.

“நீங்க பொண்ணுக்கு என்ன வேணும்?” என்று பக்கத்து இலைக்காரி கேட்டாள். அறுபது வயதிருக்கும், நீலப் பட்டு, சங்கரன்கோவிலிலிருந்து வந்திருக்கிறாளாம், மாப்பிள்ளைக்குச் சித்தி முறை. தூரத்துச் சொந்தம் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். குழலி, அத்தை என்றாள். அந்த அம்மாளின் கை சோற்றில் அப்படியே நின்றது. “அத்தையா? நீங்களா இங்கன உக்காந்திருக்கிய?” என்றவள் ஏதோ தப்பாகக் கேட்டுவிட்ட மாதிரி அவசரமாக, “அதுனால என்ன, நல்லதுதான், சாப்பிடுங்க,” என்று சேர்த்துக்கொண்டாள். நல்லதாம். சாப்பிடு என்று சொல்கிற சொல்லுக்கு முன்னால் எதற்கு ஒரு அதுனால என்ன. வரிசையின் மறுகோடியில் குழலியின் வீட்டுக்காரர் உட்கார்ந்து உருளைக்கிழங்கை ஒரு கை பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் பெண் வீட்டுக்காரர்தான், பெண்ணுக்கு மாமா, அவரை இந்த மண்டபத்தில் ஒரு ஈ காக்கை ஏன் உட்கார்ந்தாய் என்று கேட்கவில்லை. ஆம்பளை, பசிக்கும், பாவம். அவர் தலையைத் தூக்கி இவளைப் பார்த்தார், ஆச்சரியமாகப் புருவத்தை உயர்த்தினார், பிறகு அவருக்குப் புளிக்குழம்பு வந்துவிட்டது. அதற்குள் நாற்காலிகளுக்குப் பின்னால் ஆட்கள் வந்து நிற்க ஆரம்பித்துவிட்டார்கள். இது ஒரு வியாதி நம் ஊரில். ஒருவன் சாப்பிடும்போது அவன் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று, அவன் எப்போது ரசத்துக்கு வருவான், எப்போது மோருக்கு வருவான் என்று இலையை எட்டிப் பார்த்துக்கொண்டே நிற்பது. குழலியின் நாற்காலி முதுகிலும் யாரோ கையை வைத்திருக்கிறார்கள், நாற்காலி லேசாக அசைகிறது. எந்திரி என்று அந்தக் கை சொல்கிறது. எந்திரி என்று அப்பா சொல்கிறார். எந்திரிச்சிரலாம் என்று அந்த நாலாம் வகுப்புப் பிள்ளையும் சொல்கிறாள், அவளுக்குத்தான் ரொம்பப் பயம், யாராவது வந்து தூக்குவதற்கு முன்னால் தானே எழுந்துவிட்டால் சமத்து என்றாவது சொல்வார்கள் என்று நினைக்கிறாள். பதில் சொல்லுங்கள் என்றாளே ஜெஸிந்தா. என்ன பதில். விரல் மட்டும் பிசைந்துகொண்டே இருக்கிறது.

அவள் பயந்தபடியே வந்துவிட்டான். ராமலிங்கம். பெண்ணின் தகப்பன், சரிகை வேட்டி, நெற்றி நிறைய விபூதி, முகத்தில் அப்பாவின் சிரிப்பு. இந்தச் சிரிப்பு எப்போது இவனுக்கு ஒட்டியது? அவனுக்கு ஒரு அடி பின்னால் மாப்பிள்ளையின் பெரியப்பா, உயரமான மனிதர், சட்டைப் பையில் கண்ணாடி. விசாலம் வெற்றிலைத் தட்டோடு தூணருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அனுப்பியிருக்கிறாள், சந்தேகமே இல்லை. ராமலிங்கம் குனிந்தான்.

“எக்கா, மாப்ள வீட்டுப் பெரியப்பா நிக்காவ. நீ பெறவு சாப்ட்டுக்கிடலாம்லா.”

உதடு அசையவில்லை. பல்லுக்குள்ளிருந்துதான் வந்தது. இடுப்பில் தூக்கிச் சுமந்த பிள்ளை. குழலிக்கு உடம்பு தானாக எழத் தொடங்கிவிட்டது, இடது கை மேசை விளிம்பைப் பற்றி ஊன்றிவிட்டது, தொடை நாற்காலியை விட்டு ஒரு விரற்கடை மேலே போய்விட்டது. அந்த விரற்கடைத் தூரத்தில் அவள் நின்றுவிட்டாள். உள்ளே யாரோ அவள் முந்தானையைப் பிடித்து இழுத்த மாதிரி இருந்தது. கை நிறையச் சோறு, கழுவவும் முடியாமல் நக்கவும் முடியாமல். இப்போது எழுந்தால் அந்தக் கையோடு அவளைத் திரும்பவும் பந்தல் கால் ஓரமாகக் கொண்டுபோய் நிறுத்துவது அப்பா இல்லை, ராமலிங்கம் இல்லை, குழல்வாய்மொழிதான். வேறு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. இத்தனை வருஷமும் ஒவ்வொரு பந்தியிலும் அந்தப் பிள்ளையின் முழங்கையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டிருந்தவள் இவளேதான், சிரித்த முகமாக, பொறுப்பாக. கோபமா வெட்கமா என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை. திரும்ப உட்கார்ந்தாள். நாற்காலி சத்தம் போட்டது.

“சாப்ட்டுட்டுதான் எந்திரிப்பேன்,” என்றாள்.

ராமலிங்கம் சிரித்த முகத்தை அப்படியே வைத்துக்கொண்டு இன்னும் குனிந்தான். “என்னக்கா சொல்லுத? எல்லாரும் பாக்காவ.”

“பாக்கட்டும். சாப்புடுததத்தான பாக்காவ.”

“வெளையாடாதக்கா. அவுக மொத மொத நம்ம வீட்டுக் கல்யாணத்துக்கு வந்திருக்காவ. எவ்வளவு நேரம் நிப்பாவ?”

“எடம் வர்ர வரைக்கும் நிப்பாவ. ஏல, காலைலருந்து நானும் நின்னுக்கிட்டுத்தான இருக்கேன், என்னைய ஒருத்தரும் எண்ணலையே.”

அவன் முகத்திலிருந்த சிரிப்பு கழன்று விழுந்தது. அந்தக் கணத்தில் அவன் அப்பா மாதிரி இல்லை, பழைய ராமலிங்கம் மாதிரியே இருந்தான், கோபம் வந்தால் கண் கலங்குகிற பிள்ளை. அவனைப் பார்க்கப் பாவமாகக்கூட இருந்தது, பெண்ணைக் கட்டிக் கொடுக்கிற நாளில் இப்படி ஒரு அக்காள். பாவம் பார்த்து எழுந்துவிடுவாளோ என்று அவளுக்கே பயமாகிவிட்டது. அப்போது அவன் அதைச் சொன்னான்.

“அப்பா இருந்தா இப்பிடி உக்காந்திருப்பியா நீ?”

பக்கத்து இலைக்காரியின் மெல்லுகிற வாய் நின்றது. குழலி தம்பியை நிமிர்ந்து பார்த்தாள். பொய் சொல்லத் தோன்றவில்லை.

“மாட்டேன். அவுக இருந்தா எந்திரிச்சிருப்பேன். இருந்த வரைக்கும் எந்திரிச்சேம்லா. இப்பம் இல்ல. அதான் உக்காந்திருக்கேன்.”

ராமலிங்கம் திரும்பிப் பெரியப்பாவைப் பார்த்தான். அப்போதுதான், சங்கரன்கோவில் அம்மாள், யாரும் கேட்காமலேயே, இலையில் பாதிச் சோறு கிடக்க, “நான் எந்திரிக்கேன் தம்பி, எனக்குப் போதும், அவுக இங்கன உக்காரட்டும்,” என்று சொல்லிக்கொண்டே நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள். அவள் கையில் பிசைந்த சோறு ஒட்டியிருந்தது. மாப்பிள்ளைக்குச் சித்தி, விருந்தாளி, மரியாதை செய்யப்படவேண்டியவள், அவளுக்கும் முழங்கையில் எந்தக் காலத்திலோ ஒரு கை விழுந்திருக்கிறது, இன்றுவரைக்கும் எடுக்கவில்லை. குழலிக்கு அதைப் பார்த்ததும் ரத்தம் தலைக்கேறிவிட்டது. இடது கையால் அந்த அம்மாளின் மணிக்கட்டை எட்டிப் பிடித்தாள். கொஞ்சம் பலமாகவே பிடித்துவிட்டாள்.

“எந்திரிக்காதிய. உக்காருங்க. எலையில சோறு இருக்கு, பசியும் இருக்கு, எதுக்கு எந்திரிக்கிய? ஒங்கள யாரும் எழுப்ப மாட்டாவ. நான் இருக்கேன். நிதானமாச் சாப்பிடுங்க.”

சத்தமாகத்தான் சொன்னாள். எதிர் வரிசை வரைக்கும் கேட்டிருக்கும். சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்குத் தன் குரல் காதில் விழுந்தது, எவ்வளவு கோபமாக இருந்ததோ அவ்வளவு கனிவாகவும் இருந்தது. ஜெஸிந்தாவின் அறையில் அரை நாள் கிண்டியும் வராத வார்த்தை. மகளும் இல்லை, பக்கத்து வீட்டுப் பிள்ளையும் இல்லை, முன்பின் தெரியாத நீலப் பட்டுக்காரியிடம் சொல்லும்போது அது வந்துவிட்டது, வந்ததை உள்ளே இருந்த நாலாம் வகுப்புக்காரியும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அந்த அம்மாள் உட்கார்ந்து நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டாள். மாப்பிள்ளையின் பெரியப்பா இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்தார். இப்போது வெடிக்கப்போகிறது, சம்பந்தி வீட்டார் வேனில் ஏறிவிடுவார்கள், கல்யாணப் பெண் யாழினியின் வாழ்க்கை இந்த அத்தைக்காரியின் ஒரு பிடிச் சோற்றால் கெட்டுப்போகும், என்று குழலி பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

“என்னம்மா நீங்க,” என்றார் அவர். “நான் காலைல தின்ன இட்லியே இன்னும் செரிக்கல. இவரு கையப் புடிச்சு இழுத்துக்கிட்டு வந்துட்டாரு. நீங்க சாப்பிடுங்க, நான் அடுத்த பந்தியில பாத்துக்கிடுதேன்.” ராமலிங்கத்தின் தோளில் தட்டிவிட்டு, வாசல் பக்கமாகக் காற்று வாங்கப் போய்விட்டார். ராமலிங்கம் அவர் பின்னாலேயே போனான். விசாலம் வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவ்வளவுதான். கூரை இடியவில்லை. நாதஸ்வரம் நிற்கவில்லை. ஒருவரும் வேனில் ஏறவில்லை. பின்னால் நாற்காலியைப் பிடித்திருந்த கைகூட வேறு நாற்காலி தேடிப் போய்விட்டது.

குழலிக்கு நிம்மதி வரவேண்டும், வரவில்லை. வந்தது ஆத்திரம். இவ்வளவுதானா? இந்த ஒரு வாக்கியம் சொல்ல எடுத்த நேரம்தானா? இதற்கா ஒரு பிள்ளை கையை நீட்டிக்கொண்டு நின்றாள், இதற்கா ஆறிப்போன சோறு, இதற்கா அவள் விழுங்குகிற அல்சர் மாத்திரை, இதற்கா மருந்துப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து அழுதது? உட்கார்ந்தே இருந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது என்று ஏன் ஒருவரும் சொல்லவில்லை? ஜெஸிந்தாவிடம் போய்ச் சொன்னால் சபாஷ் என்பாள், உங்க பெரிய ஆள் வந்துட்டா பாத்தீங்களா என்பாள். வந்துவிட்டாள், சரி. வருவதற்கு இத்தனை வருஷமா ஆகும், எங்கே போயிருந்தாள் இவ்வளவு நாளும் அந்தக் கழுதை, என்று அவளிடமும் ஒரு சண்டை போடவேண்டும். போடலாம், பிறகு போடலாம், அவளும் களைத்துத்தான் வந்திருப்பாள். அப்பாவின் குரல் இன்னும் போகவில்லை, எங்கோ பல்லுக்குள் முனகிக்கொண்டிருக்கிறது, கேட்கிறது. ஆனால் இப்போது அது பந்தி விசாரிக்கிற ஒரு கிழவரின் குரலாக இருந்தது, கூட்டத்தில் யாரோ பேசுகிற மாதிரி. சரிப்பா, கேக்கு, நீங்க போய் மத்தவுகளப் பாருங்க, என்று மனசுக்குள் சொன்னாள். இலையைப் பார்த்தாள். பேச்சிலும் சண்டையிலும் சாம்பார்ச் சோறு ஆறிப்போய் ஓரம் காய்ந்திருந்தது. வரிசை முழுக்க ரசம் தாண்டிப் பாயசமும் தாண்டி மோருக்கு வந்துவிட்டது. சங்கரன்கோவில் அம்மாளுக்கு மோர் ஊற்றிவிட்டுப் பரிமாறுகிறவர் குழலியின் இலைக்கு வந்து, கரண்டியை வாளியில் முக்கிக்கொண்டே நின்றார்.

“மோர் ஊத்தவாம்மா?”

குழலி ஆறின சோற்றை இலையின் ஓரத்துக்கு ஒதுக்கினாள்.

“வேண்டாம். சுடுசோறு கொண்டாங்க. பருப்பு, நெய், மறுபடியும் மொதல்லருந்து வைங்க.”

அவர் வரிசையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். “எல்லாரும் எந்திரிக்கப் போறாவம்மா.”

“எந்திரிக்கட்டும்,” என்றாள் குழல்வாய்மொழி. “எனக்குப் பசிக்கு.”